ஒரே வேட்டிக்கு இரண்டு வெள்ளை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் மூளையைப் பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். முதல் முறை காபியோடு, இரண்டாம் முறை கோபத்தோடு. கட்டுரையாளர் படித்தவர், எளிமையாகவும் எழுதுகிறார். அதில் எனக்குக் குறை இல்லை. ஆனால் நடுவில் ஓரிடத்தில், சிவப்பு என்பது 700 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஒளி, அது போக நாம் உணர்வதெல்லாம் மூளையின் கற்பனை என்று ஒரே வரியில் கடந்துவிட்டார். அடுத்த பத்தியில், உணர்வு என்ற புதிரை விஞ்ஞானம் அவிழ்த்தாகிவிட்டது, இனி கருவிகளும் நம்மைப் போலவே நிறத்தை 'உணரும்' என்றும் போட்டிருந்தார். அந்த இரண்டு பத்திக்கும் ஒரு பதில் எழுதாமல் எனக்குத் தூக்கம் வராது என்று என் மனைவியே சொல்லிவிட்டாள்.

எனக்கு வயது 69. புதுச்சேரியில் ஒரு துணி ஆலையில் 37 வருஷம் சாயப் பிரிவில் இருந்தேன். அதில் 22 வருஷம் ஷேட் பார்க்கிற வேலை. வாங்குகிறவர் ஒரு விரற்கடை அகலத்துக்குத் துண்டுத் துணி அனுப்புவார். அந்த நிறமும் நாங்கள் சாயம் ஏற்றிய துணியின் நிறமும் ஒன்றா என்று நான் சொல்ல வேண்டும். ஒன்று என்றால் லாட், அதாவது ஒரே தடவையில் சாயம் ஏற்றிய மொத்தத் துணியும், லாரி ஏறும். இல்லை என்றால் மறுபடி ஜிக்கர் என்ற சாய இயந்திரத்தில் ஏறும், மூன்று பேருடைய ஒரு ஷிப்ட் வேலை வீண். அந்த ஆலையின் சங்கு இப்போது ஊதுவதில்லை. கண் மட்டும் இன்னும் பழக்கத்தை விடவில்லை. கல்யாண வீட்டில் போய் உட்கார்ந்தால், பந்தல் துணியில் இரண்டு லாட் கலந்திருப்பதுதான் முதலில் தெரிகிறது.

அந்த வேலையில் கற்ற முதல் பாடமே, நிறம் வேறு அலைநீளம் வேறு என்பது. பாடம் கற்ற நாள் நன்றாக நினைவிருக்கிறது. இரவு ஷிப்ட். ஆலிவ் பச்சையில் சட்டைத் துணி. டியூப்லைட் அடியில் வைத்துப் பார்த்தேன், வந்த துண்டும் எங்கள் துணியும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருந்தன. சரி என்று சீட்டில் கையெழுத்துப் போட்டேன். காலையில் கேட்டு வாசலில் வெயில் பட்டதும் ஒன்று செம்மண் பக்கம் போய்விட்டது, மற்றது பாசிப் பக்கம். மேற்பார்வையாளர் ஒன்றும் திட்டவில்லை. இரண்டையும் என் தோளில் ஆளுக்கொரு பக்கமாகப் போட்டு, அப்படியே சாயப் பிரிவு முழுக்க நடக்க வைத்தார். இதற்குத் தொழிலில் மெட்டமெரிசம் என்று பெயர். இரண்டு துணியும் வேறு வேறு சாயக் கலவை, இரண்டிலிருந்தும் வருகிற அலைகள் வேறு வேறு. ஆனாலும் ஒரு விளக்கில் கண்ணுக்கு ஒன்றே போலத் தெரியும். அலைநீளம்தான் நிறம் என்றால் இப்படி நடக்கவே முடியாது.

நம்பாதவர்கள் வீட்டிலேயே பார்க்கலாம். கைப்பேசித் திரையில் மஞ்சள் நிறப் படம் ஒன்றை வைத்து, அதன் மேல் கடுகளவு தண்ணீர்த் துளி விடுங்கள். துளி பூதக்கண்ணாடி வேலை செய்யும். உள்ளே மஞ்சள் ஒரு புள்ளிகூட இருக்காது. சிவப்பும் பச்சையுமாகப் புள்ளிகள் மின்னும். மஞ்சள் அலை ஒன்றுகூட வராமலே நமக்கு மஞ்சள் தெரிந்திருக்கிறது. அப்புறம், நம் ஊர்த் துணிக்கடைகளில் ராணி கலர் என்று விற்கிறார்களே, அதற்கு ஒற்றை அலைநீளமே கிடையாது. வானவில்லை எத்தனை தரம் தேடினாலும் ராணி கலர் அகப்படாது. சிவப்பும் நீலமும் சேர்ந்து கண்ணுக்குள் போகும்போது பிறக்கிற நிறம் அது. கதிர்களுக்கு நிறம் கிடையாது என்பதை 1704-இல் வந்த ஒளியியல் நூலில் நியூட்டனே சொல்லிவிட்டார். அவருக்கு இருந்த ஜாக்கிரதை நம் கட்டுரையாளருக்கு இல்லை.

சரி, வெளியே இல்லாவிட்டால் மூளைக்குள் இருக்கிறது, அதைத்தானே நானும் சொன்னேன் என்று அவர் கேட்கலாம். அங்கேதான் என் பேரன் வருகிறான்.

மகள் வயிற்றுப் பேரன். டிப்ளமோ முடித்துவிட்டு ரயில் ஓட்டும் வேலைக்குத் தேர்வு எழுதினான். இரண்டு வருஷம் வேறு எந்த வேலைக்கும் போகாமல் படித்தான். எழுத்துத் தேர்வு எல்லாம் தாண்டி, மருத்துவப் பரிசோதனையில் நின்றுவிட்டான். புள்ளிப் புள்ளியாக எண்கள் ஒளிந்திருக்கும் ஒரு புத்தகத்தைக் காட்டியிருக்கிறார்கள். இவன் தவறாகப் படித்திருக்கிறான். சிவப்பு சிக்னலும் பச்சை சிக்னலும் பார்த்துப் பல நூறு உயிரோடு வண்டி ஓட்டும் வேலை. அவர்கள் செய்தது சரிதான். வீட்டுக்கு வந்து, "தாத்தா, எனக்குக் கலர் தெரியலையாம்" என்றான். நான் அவனை நம்பவில்லை. 22 வருஷம் ஷேட் பார்த்தவன் வீட்டில், 23 வருஷம் என் மடியிலும் தோளிலும் வளர்ந்த பிள்ளைக்கு நிறம் தெரியவில்லை என்றால் எனக்கு அல்லவா தெரிந்திருக்க வேண்டும்?

தெரிந்த கண்ணாடிக் கடைக்காரரிடம் அதே புத்தகத்தை இரவல் வாங்கி வந்தேன். ஜப்பானிய டாக்டர் இஷிஹாரா 1917-இல் வெளியிட்ட சோதனை. பெரிய பதிப்பில் 38 தட்டுகள், அதாவது புள்ளிப் படங்கள். காலை எட்டு மணி வெளிச்சத்தில் திண்ணையில் விரித்து வைத்து இரண்டு பேரும் உட்கார்ந்தோம். முதல் தட்டில் 12. அது எல்லோருக்கும் தெரியும், ஏமாற்றுகிறவர்களைப் பிடிக்க வைத்திருக்கிறார்கள். இருவரும் 12 என்றோம். கொஞ்சம் தள்ளி ஒரு தட்டு. எனக்குப் பளிச்சென்று 74. அவன், "21" என்றான். விளையாடுகிறான் என்று நினைத்து, "விரலால கோடு போட்டுக் காட்டுடா" என்றேன். ஒரு தயக்கமும் இல்லாமல் 2 போட்டான், 1 போட்டான். அவன் விரல் போன வழியைப் பார்த்தபோது எனக்கு வயிற்றில் என்னவோ செய்தது. அவன் தடவித் தடவி ஊகிக்கவில்லை. நான் 74-ஐப் பார்ப்பது போலவே அவன் 21-ஐப் பார்க்கிறான்.

இன்னும் சில பக்கம் போனால் வேறு மாதிரித் தட்டுகள் வருகின்றன. அவன் "45" என்றான். நான் கண்ணாடியைத் துடைத்தேன். பக்கத்தைத் திருப்பி, சாய்த்து, வெயிலுக்குக் கொண்டுபோய்ப் பார்த்தேன். வெறும் புள்ளிக் குப்பை. பின்னால் இருந்த விளக்கத்தைப் படித்தால், அந்தத் தட்டுகளில் நம்மைப் போன்றவர்களுக்கு ஒன்றும் தெரியாது, சிவப்பு–பச்சை பிரித்தறியாதவர்களில் பெரும்பாலோருக்குத்தான் எண் தெரியும் என்று இருக்கிறது. ஊர்ப்பட்ட ஷேட் பார்த்த என் கண்ணுக்கு எட்டாத ஒன்று அவன் கண்ணுக்குத் தெரிகிறது. அன்றிலிருந்து நிறக்குருடு என்ற சொல்லை எங்கள் வீட்டில் யாரும் சொல்வதில்லை. உங்கள் பத்திரிகையும் அதை விட்டுவிட்டால் நல்லது.

கண் மருத்துவர் பொறுமையாகச் சொன்னார். கண்ணின் பின்திரையில் நிறம் வாங்கும் செல்கள் மூன்று வகை. இவனுக்குப் பச்சைப் பக்கத்து வகை இல்லை. ஆணுக்கு எக்ஸ் குரோமோசோம் ஒன்றுதான், அது தாயிடமிருந்து வருவது. என் மகளிடம் இரண்டு இருந்தன: ஒன்று நான் கொடுத்தது, இன்னொன்று என் மனைவி கொடுத்தது. பேரனுக்கு எது போகும் என்பது பூவா தலையா. என் மனைவி கொடுத்தது போயிருக்கிறது. அவளுக்கு எங்கிருந்து வந்தது என்று யோசித்தபோதுதான் என் மாமனார் நினைவுக்கு வந்தார். பாகூர்க்காரர், ஏரிப் பாசனத்தில் நெல் போட்டவர். எங்கள் தலைதீபாவளிக்கு மகளுக்கு அரக்கு நிறத்தில் புடவை எடுத்துவந்து, "நல்ல பச்சையா பாத்து எடுத்தேன் மாப்ள" என்றார். கூடத்தில் இருந்த அத்தனை பேரும் சிரித்தோம். கிண்டல் பேசுகிற மனிதர், கிண்டல்தான் செய்கிறார் என்று நினைத்தோம். அவரும் கூடச் சேர்ந்து சிரித்தார். செத்துப்போய் 19 வருஷம் ஆகிறது. இப்போது நினைத்தால் அந்தச் சிரிப்பு எனக்குச் சரியாக இல்லை.

இதில் இன்னொரு மனிதர் கதை எனக்கு ஆறுதலாக இருந்தது. அணுக் கொள்கைக்காகப் பள்ளிப் புத்தகத்தில் நாமெல்லாம் படித்த ஜான் டால்ட்டன். அவருக்கும் இதே சங்கதி. ஜெரேனியம் பூ ஒன்று, மற்றவர்களுக்கு இளஞ்சிவப்பு, அவருக்குப் பகலில் வானத்து நீலமாகத் தெரிந்திருக்கிறது. மெழுகுவத்தி வெளிச்சத்தில் பார்த்தால் அதே பூ சிவப்பாகிவிட்டது. ஆடிப்போனவர், அண்ணனிடம் கேட்டிருக்கிறார், அண்ணனுக்கும் அப்படித்தான். 1794-இல் மான்செஸ்டரில் அதைப் பற்றிக் கட்டுரை படித்தார். தன் கண்ணுக்குள் இருக்கும் நீர் நீலச் சாயம் ஏறியிருக்க வேண்டும், அது சிவப்பைக் குடித்துவிடுகிறது என்பது அவர் ஊகம். சாயக்காரன் புத்தி, எனக்குப் பிடித்திருந்தது. செத்த பிறகு கண்ணை எடுத்துப் பார்க்கச் சொல்லி வைத்திருந்தார். 1844-இல் இறந்ததும் மருத்துவர் பார்த்தார், கண்ணுக்குள் இருந்த நீர் கண்ணாடி போலத் தெளிவு. மிச்சத்தைப் பத்திரமாக வைத்திருந்தார்கள். 1995-இல் அதிலிருந்து டிஎன்ஏ எடுத்துப் பார்த்து, அவருக்கு இல்லாமல் போனதும் பச்சைப் பக்கத்து வகைதான் என்று கண்டுபிடித்தார்கள்.

செத்து 150 வருஷம் கழித்து ஒருவர் கண்ணில் எந்தச் செல் இல்லை என்று சொல்ல முடிகிறது என்றால், விஞ்ஞானத்துக்குக் கையெடுத்துக் கும்பிடலாம். ஆனால் அந்தப் பூவை அவர் வானத்து நீலம் என்றாரே, அந்த நீலம் அவருக்கு எப்படி இருந்தது? டிஎன்ஏ அதைச் சொல்லவில்லை. இங்கே பிரெஞ்சுக்காரர் தெருக்களில் மஞ்சள் சுவர் மேல் காகிதப்பூ கொட்டிக் கிடக்கிறதே, அதை என் பேரனிடம் காட்டி என்ன நிறம் என்றேன். "நீலந்தானே, கொஞ்சம் வெளிறுன நீலம்" என்றான். இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்றால், "நீங்க கேக்கலையே. எல்லாரும் பிங்க்குன்னு சொன்னாங்க, அந்த மாதிரி இருக்கிறதுக்குப் பேரு பிங்க் போலன்னு இருந்துட்டேன்" என்கிறான்.

இதை நான் பல நாள் யோசித்தேன். நம் போலீஸ்காரர் தொப்பி சிவப்பு என்பது புதுச்சேரியில் கைக்குழந்தைக்கும் தெரியும். இவனும் மூன்று வயதில் கடற்கரையில் அதைப் பார்த்து "செவப்புத் தொப்பி" என்று கைதட்டியவன்தான். அவன் சொன்னது தப்பு இல்லை. அவனுக்கு அது எப்படித் தெரிகிறதோ, அதற்கு நாங்கள் சிவப்பு என்று பெயர் சொல்லிக் கொடுத்திருக்கிறோம். பெயர் பொருந்திவிட்டது, உள்ளே இருப்பது பொருந்தியதா என்று பார்க்க வழியே இல்லை. எங்கள் தொழிலில் புழங்கும் பெயர்களையே பாருங்களேன். மயில் கழுத்து, கிளிப்பச்சை, பாசிப்பச்சை, அரக்கு, மாதுளை, கத்தரிப்பூ, வெங்காயம், சாம்பல். எல்லாம் பொருளின் பெயர். வெளியே கையை நீட்டி, அதோ அது மாதிரி என்று காட்டுகிறோம். காட்டப்படும் மயிலை எல்லோரும் பார்க்கிறோம். மயிலைப் பார்க்கும்போது உள்ளே என்ன ஆகிறதோ அதற்கு ஒரு மொழியிலும் தனிப் பெயர் வைக்க முடியவில்லை. 22 வருஷம் வாயைத் திறந்தால் நிறம் பேசிய எனக்கு இது ஓய்வு பெற்று பத்து வருஷம் கழித்துத்தான் உறைத்தது.

ஒரு நாள் அவன் என்னை மடக்கினான். "தாத்தா, உங்களுக்குச் சிவப்பு எப்படித் தெரியும்? சொல்லுங்க." மிளகாய்ப் பழம் மாதிரி என்றேன். "அது எனக்கும் சிவப்புதான்." ரத்தம். "அதுவும்தான்." சூடாக, கண்ணைக் குத்துகிற மாதிரி, மற்ற நிறத்துக்கு முன்னால் ஓடிவந்து நிற்கிற மாதிரி என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்படின்னா எனக்கு அது மஞ்சள்" என்றான். நான் மேற்கொண்டு பேசவில்லை.

கடற்கரைச் சாலையில் காலையில் நடக்க வரும் தத்துவப் பேராசிரியர் ஒருவர் உண்டு, அவரும் ஓய்வு பெற்றவர். காந்தி சிலைப் பக்கம் உட்கார்ந்து இதைச் சொன்னேன். இது பழைய பிரச்சினை சார் என்று சிரித்தார். வௌவாலாக இருப்பது வௌவாலுக்கு எப்படி இருக்கும் என்று தாமஸ் நேகல் என்பவர் 1974-இல் கேட்டாராம். எதிரொலியை வைத்து அது வழி கண்டுபிடிக்கும் விதத்தை எல்லாம் நாம் படித்துவிடலாம், அப்போதும் அந்தக் கேள்வி அப்படியே நிற்கும் என்று. அப்புறம் 1982-இல் ஃபிராங்க் ஜாக்சன் என்பவர் ஒரு கற்பனைக் கதை சொன்னாராம். மேரி என்று ஒரு பெண், கறுப்பு வெள்ளை அறையிலேயே வளர்ந்தவள். நிறத்தைப் பற்றிய விஞ்ஞானம் அத்தனையும் அவளுக்கு அத்துப்படி. ஒரு நாள் கதவைத் திறந்து வெளியே வந்து முதன்முதலாகச் சிவப்பைப் பார்க்கிறாள். அவள் புதிதாக எதையாவது தெரிந்துகொண்டாளா இல்லையா?

எனக்கு முதலில் தோன்றியது, அறைக்குள் அவள் விரலை வெட்டிக்கொள்ளவே இல்லையா என்பதுதான். பேராசிரியர் வாய்விட்டுச் சிரித்தார். இந்த ஆட்சேபணை ஏற்கெனவே உண்டாம். ஜாக்சனே பல வருஷம் கழித்துத் தன் முடிவை மாற்றிக்கொண்டாராம், மேரிக்குப் புதிய உண்மை எதுவும் கிடைக்கவில்லை என்று. கதையை எழுதியவரே மாறிவிட்டார் என்பதற்காக நானும் மாற வேண்டுமா என்ன? என் பேரன் விஷயத்தில் நான்தான் மேரி. அவன் கண்ணில் எந்தச் செல் இல்லை என்று தெரியும். எந்தக் குரோமோசோம் யார் வழியாக வந்தது, பாகூர் வரைக்கும் தெரியும். எந்தத் தட்டில் என்ன எண் படிப்பான் என்று முன்கூட்டியே சொல்வேன். அவனுடைய சிவப்பு மட்டும் எனக்குக் கிடைக்கவில்லை. மேரிக்காவது திறக்க ஒரு கதவு இருந்தது.

பிறர் அனுபவம் எட்டாது, தன் அனுபவமாவது தனக்குத் தெரியுமே என்று நீங்கள் நினைக்கலாம். நானும் 2018 வரை அப்படித்தான் நினைத்திருந்தேன்.

அந்த வருஷம் இரண்டு கண்ணிலும் புரை. முதலில் வலது கண்ணுக்கு அறுவை செய்தார்கள், இடது கண்ணுக்கு ஆறு வாரம் கழித்து. வலது கண்ணின் கட்டைப் பிரித்து இரண்டு நாளிருக்கும், மொட்டை மாடிக்குப் போனேன். கொடியில் என் வேட்டி காய்ந்துகொண்டிருந்தது. வலது கண்ணால் பார்த்தால், சொட்டு நீலம் கொஞ்சம் தாராளமாகப் போட்டு அலசின மாதிரி குளிர்ந்த வெள்ளை. கையால் அதை மூடி இடது கண்ணால் பார்த்தால், அதே வேட்டி டீத்தண்ணீரில் முக்கி எடுத்த மாதிரி பழுப்பு. தொழில் புத்தி விடவில்லை. வேட்டியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு கண் மாற்றி ஒரு கண்ணாக, லாட் பார்க்கிற மாதிரியே பார்த்தேன். சந்தேகமே இல்லை, ரிஜெக்ட் பண்ண வேண்டிய வித்தியாசம். வெயில் ஒன்று, வேட்டி ஒன்று, ஆள் ஒருவன். வெள்ளை மட்டும் இரண்டு. மனைவி மேலே வந்து, ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு வேட்டியோடு நிற்கும் என்னைப் பார்த்து, "ஏங்க, டாக்டர் வெயில்ல நிக்கக் கூடாதுன்னு சொன்னாருல்ல" என்றாள்.

யோசித்துப் பார்த்தால், புரை ஒரே நாளில் வருவதில்லை. கண்ணின் வில்லை பல வருஷமாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழுத்திருக்கிறது. அப்படியானால் என் வேலையின் கடைசி வருஷங்களில் நான் பழுப்புக் கண்ணாடி வழியாகத்தான் ஷேட் பார்த்திருக்கிறேன், எனக்கே தெரியாமல். அந்தக் காலத்தில் ஆலையில் நிறம் அளக்கும் கருவி ஒன்று வாங்கியிருந்தார்கள். துணியை அதன் வாயில் வைத்தால், நிறம் எவ்வளவு விலகியிருக்கிறது என்பதற்கு டெல்டா ஈ என்று ஓர் எண் கொடுக்கும். எண் 1-க்கு மேல் போனால் எங்கள் ஆலையில் லாட் நிற்கும். வெளிர் நீல லாட்டுகளில் அதற்கும் எனக்கும் அடிக்கடி சண்டை. வித்தியாசம் இருக்கிறது என்று அது சொல்லும், இல்லை என்று நான் சொல்வேன். மெஷின் கெட்டுவிட்டது, ஆளைக் கூப்பிடுங்கள் என்று இரண்டு முறை எழுதிக்கூடக் கொடுத்திருக்கிறேன். அந்தக் கருவியிடம் நான் மன்னிப்புக் கேட்க வேண்டும். ஆனால் ஒன்று, என்னோடு மல்லுக்கட்டிய அத்தனை வருஷமும் அந்தக் கருவி ஒரு நீலத்தைக்கூட நீலமாகப் பார்த்ததில்லை. அதற்கு வேண்டியது எண். எண் சரியாக வந்தது. கட்டுரையாளர் இந்த இடத்தில்தான் வழுக்குகிறார். சரியாக அளப்பதையும் பார்ப்பதையும் ஒரே தட்டில் வைக்கிறார்.

ஆறு வாரம் கழித்து இடது கண்ணுக்கும் அறுவை முடிந்தது. பழுப்பு போயிற்று. இரண்டு கண்ணிலும் ஒரே வெள்ளை. எல்லோருக்கும் சந்தோஷம், எனக்கும்தான். ஆனால் சில நாள் கழித்து அந்தப் பழைய வெள்ளையை நினைவில் கொண்டுவர முயன்றேன். வரவில்லை. டீத்தண்ணீர் மாதிரி என்று நான் மனைவியிடம் சொன்ன சொல் இருக்கிறது. அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு போனால் டீத்தண்ணீர்தான் வருகிறது, வேட்டி வருவதில்லை. அதைவிட, அறுவைக்கு முன்னால் அது எனக்குப் பழுப்பாகவே இல்லையே, வெள்ளையாகத்தானே இருந்தது! அந்த வெள்ளை எங்கே போனது? பேரனுடைய சிவப்பு எவ்வளவு தூரமோ, என்னுடைய பழைய வெள்ளையும் எனக்கு அவ்வளவு தூரமாகிவிட்டது.

பக்கத்து வீட்டுப் பெரியவர் சைவர், இதைக் கேட்டதும் அவருக்கு ஒரே உற்சாகம். பெண்ணாடத்து மெய்கண்டார் 13-ஆம் நூற்றாண்டிலேயே சொல்லிவிட்டாரே, கண் தானாகக் காணாது, உயிர் காட்ட வேண்டும் என்று. ஆன்மாவுக்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும் என்றார். அவர் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் எனக்கு அதுவும் சரியாகப் படவில்லை. என் கண்ணுக்குள் வைத்தது 6 மில்லிமீட்டர் அகல பிளாஸ்டிக் வில்லை. அதை வைத்ததும் என் வெள்ளையே மாறிவிட்டது. காண்பது உயிர் என்றால், அந்த உயிர் ஒரு வில்லைக்கு இவ்வளவு கட்டுப்படுவானேன்? ஆக நான் இரண்டு பக்கத்துக்கும் ஒத்துவராதவன். உடம்பை விட்டுத் தனியாக ஒன்று உட்கார்ந்து பார்க்கிறது என்றும் என்னால் சொல்ல முடியவில்லை. பார்ப்பது என்ற ஒன்றே கற்பனை என்று தள்ளவும் முடியவில்லை. கற்பனை என்கிறார் கட்டுரையாளர். பல்வலிக்காரனிடம் போய் உன் வலி மூளையின் கற்பனை என்று சொல்லிப் பார்க்கட்டும். கற்பனை என்றே வைத்துக்கொண்டாலும், விளக்க வேண்டியது அந்தக் கற்பனையைத்தானே?

புதிர் அவிழ்ந்துவிட்டது என்ற செய்தியும் அவசரமானது. பேராசிரியர் சொன்ன பந்தயக் கதை ஒன்று: 1998-இல் ஜெர்மனியின் பிரேமன் நகரில் கிறிஸ்டாஃப் கோக் என்ற மூளை விஞ்ஞானி, 25 வருஷத்துக்குள் மூளையில் உணர்வு உண்டாகும் தடத்தைத் தெளிவாகக் கண்டுபிடித்துவிடுவோம் என்று டேவிட் சால்மர்ஸ் என்ற தத்துவக்காரரிடம் பந்தயம் கட்டினார். இந்தச் சால்மர்ஸ்தான், மூளை எப்படி வேலை செய்கிறது என்பதைவிட, அந்த வேலையோடு ஏன் ஓர் அனுபவமும் கூட வருகிறது என்பதே கடினமான பிரச்சினை என்று 1995-இல் பெயர் வைத்தவர். 2023 ஜூனில் நியூயார்க்கில் மேடையேறி, தோற்றேன் என்று கோக் ஒப்புக்கொண்டார். பந்தயப் பொருள் ஒரு பெட்டி நல்ல ஒயின். புதுச்சேரிக்காரன் என்ற முறையில் பொருள் எனக்குப் பிடித்தது, நான் குடிக்காதவன் என்பது வேறு விஷயம். வாழ்நாளெல்லாம் அதையே ஆராய்ந்தவர் தோற்றேன் என்று ஒயின் பெட்டியைத் தூக்கிக் கொடுத்த பிறகு, அவிழ்ந்துவிட்டது என்று ஞாயிறு இணைப்பில் போடுவது நியாயமா?

சென்ற மாதம் பேரனை ஆரோவில் பக்கம் அவுரிச் சாயம் போடும் பட்டறை ஒன்றுக்குக் கூட்டிப்போனேன். தொட்டியிலிருந்து துணியை எடுக்கும்போது நீலமாக இருக்காது. காற்றுப் பட்டுப் பட்டுத்தான் நீலமாகும். ஒரு நிமிஷ வேலை, ஆனால் 37 வருஷம் சாயத்தில் இருந்த எனக்கே இன்றும் அலுக்காத காட்சி. துணியை எடுத்து விரித்தார்கள். "பாரு, பச்சை" என்றேன். "மஞ்சள்" என்றான். ஓரத்திலிருந்து நீலம் ஊறிக்கொண்டு வந்தது, மடிப்பில் மட்டும் கொஞ்சம் பிந்தியது. "நீலம்" என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னோம். துணியைப் பிடித்திருந்த பெண் இதில் என்ன இருக்கிறது என்பது போல எங்களைப் பார்த்தாள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். பள்ளிகளில் கண் பரிசோதனைக்கு வருகிறவர்கள் எழுத்துப் பலகையை மட்டும் காட்டிவிட்டுப் போகிறார்கள். என் பேரனுக்கும் அப்படித்தான் நடந்தது, 'பார்வை நன்று' என்று அட்டையில் எழுதித் தந்தார்கள். எட்டாம் வகுப்பிலேயே இந்தப் புள்ளிப் புத்தகத்தையும் ஒரு முறை காட்டினால் பிள்ளைக்கு ஐந்து நிமிஷம்கூட ஆகாது. எந்த வேலைக்குப் படிப்பது என்று பிள்ளைகள் காலத்தோடு முடிவு செய்துகொள்வார்கள். இதை ஒரு தலையங்கமாகவே நீங்கள் எழுதலாம். புத்தகம் கிடைத்தால் கட்டுரையாளரிடமும் கொடுத்து, அந்த 45 இருக்கும் பக்கத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒன்றும் தெரியவில்லை என்றால் அவரும் என் கட்சி. தெரிந்தால் என் பேரனோடு பேசட்டும், அவனுக்குத் துணைக்கு ஆள் இல்லை.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற சாயப் பிரிவு ஊழியர்,
முதலியார்பேட்டை, புதுச்சேரி.